சத்தம் போடாத மண்

திண்டுக்கல் வெயிலுக்கு மோர்தான் சரி. ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்ததுமே ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. யாரும் என்னை அதட்டவில்லை. சொந்தக் கையால் எழுதித் தருகிறேன் என்றதும் தாளும் பேனாவும் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். இப்படி நடத்தினால் மனிதன் எதையும் மறைக்க மாட்டான். எனக்கு மரியாதை என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் பெயர் ரொனால்டு. வயது அறுபத்து நான்கு. டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். வடக்கே ஒரு யுரேனியச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். சுரங்கத்தின் பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. அங்கே நான் கருவிப் பிரிவில் உதவியாளன். கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைத் துடைப்பது, பேட்டரி மாற்றுவது, ஆய்வுக்கூடத்துப் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்ப்பது, பெரிய அதிகாரிகள் வந்தால் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது. ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, யுரேனியம் சயின்டிஸ்ட் வந்திருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளுவது பண்பில்லை.

சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதியாக வேண்டும். பாறையை உடைத்து, மாவாக அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எடுப்பது கைப்பிடி, மிஞ்சுவது மலை. அந்த மிச்சச் சேற்றை ஒரு பள்ளத்தில் கரை கட்டித் தேக்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் குட்டை ததும்பிப் பக்கத்து ஓடையில் இறங்கும். ஓடையில் ஜனங்கள் குளிப்பார்கள், மாடுகள் தண்ணீர் குடிக்கும். அவ்வப்போது பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கதிர்வீச்சு எவ்வளவு? நாங்கள் கருவியைக் கரையில் நீட்டுவோம். அது டிக் டிக் என்னும். எண்ணைக் குறித்துக்கொண்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அதே சேற்றில் ஈயம் இருந்தது. ஆர்சனிக் இருந்தது. நிக்கல், மாங்கனீசு, காட்மியம் எல்லாம் இருந்தன. பாட்டில்களில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துப் படித்தே எனக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். ஓடைத் தண்ணீரில் அவை எவ்வளவு என்று எந்தப் பத்திரிகைக்காரரும் கேட்கவில்லை, எங்கள் பக்கத்திலிருந்தும் யாரும் சொல்லவில்லை. காரணம் எளிது, அவை சத்தம் போடுவதில்லை. கதிர்வீச்சாவது ஆயிரம் வருடமோ லட்சம் வருடமோ கழித்து ஓயும். ஈயத்துக்கு ஓய்வு வயதே கிடையாது, போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும், தண்ணீர் கூப்பிட்டால் கூடவே போகும். ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதை அளந்து காட்டினால் போதும், மற்றதை அவர்களாகவே மறந்துவிடுவார்கள். இருபத்தெட்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட விஞ்ஞானம் இது ஒன்றுதான்.

ஊர் திரும்பிய முதல் மாதம் நன்றாக இருந்தது. இரண்டு பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு சயின்டிஸ்ட் போய் ரொனால்டு சார் ஆனேன், அடுத்து ரொனால்டு ஆனேன், கடைசியில் ரேஷன் கடை வரிசையில் 'பெருசு, செத்த தள்ளி நில்லு' என்றார்கள். மனைவி இல்லை, மகன் கனடாவில். எனக்கென்று இருந்தது தங்கை அன்னாள் மட்டும்தான். சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டியே ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். பள்ளிக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. அவள் ஒருத்தி மட்டும் கடைசிவரை பிள்ளைகளிடம் 'எங்கண்ணன் அணு விஞ்ஞானி' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மனம் நோகக்கூடாது என்பது எனக்கு எப்போதும் முக்கியம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் காத்தமுத்து என் வீட்டுக்கு வந்தார். டேனரிகளில் தோல் பதப்படுத்த குரோமிய உப்புப் போடுவார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்தபின் அடியில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு சேறு தங்கும். அதைப் பாதுகாப்பான கிடங்கில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும் என்பது விதி. அப்படியே புதைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிவரும் கான்ட்ராக்டர்தான் காத்தமுத்து. கிடங்கு தூரம். அன்னாளின் ஊர்க் கல்குவாரி பக்கம். குவாரியில் கல் தீர்ந்து பல வருடமாகச் சும்மா கிடந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆறு மாதமாக அங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, ஆடுகள் குறைமாதத்தில் குட்டியை வீசுகின்றன என்று சொல்லி ஊர்க்காரர்கள் லாரியை மறித்துவிட்டார்கள்.

'ஐயா, நீங்க எம்புட்டுப் பெரிய சயின்டிஸ்ட்டு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த ஊரே கேக்கும்' என்று காத்தமுத்து என் காலைத் தொட்டார். என் மகன்கூட என் காலைத் தொட்டதில்லை. பணம் தருகிறேன் என்றார், நான் கோபப்பட்டேன். பணம் வாங்கியிருந்தால் அது குற்றம். கூட்டத்துக்குக் கார் மட்டும் அனுப்பச் சொன்னேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நமது குவாரியில் கொட்டப்படுவது தோல் மண் அல்ல, வடநாட்டுச் சுரங்கத்திலிருந்து ரகசியமாகக் கொண்டுவரப்பட்ட யுரேனியக் கழிவு, கதிர்வீச்சால் தலைமுறையே முடமாகும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று. ஒரே நாளில் ஊர் மாறிவிட்டது. அதுவரை தண்ணீரின் நிறத்தையும் ஆடுகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அணு, அணு என்றார்கள். அணுவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நான்தான். எனவே ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராம சபைக்கு ஊரே என்னை அழைத்தது.

என்னிடம் ஒரு பழைய கருவி உண்டு. சுரங்கத்தில் கழித்துப் போட்டதை, விடைபெறும் நாளில் கேட்டு வாங்கி வந்தது. வேலை செய்யும். மேசைக்குப் பின்னால் எனக்கென்று கைவைத்த நாற்காலி, பக்கத்தில் காத்தமுத்து, முன்னால் முந்நூறு பேர். சர்ச் ஸ்டோர் ரூமிலிருந்து, சப்பரம் தூக்கும்போது பிடிக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் மாட்டும் பழைய மேன்டில் வலை ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். அந்தக் காலத்து மேன்டிலில் தோரியம் கலந்திருக்கும். கருவியைக் கிட்டே கொண்டுபோனதும் அது படபடவென்று பொரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். 'இதுதான் கதிர்வீச்சு. இத்தனை வருஷம் உங்க சாமிக்கு முன்னால இதத்தான் தூக்கிட்டுப் போயிருக்கீங்க' என்றேன். பிறகு குவாரிச் சேற்றை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். கருவி எப்போதாவது ஒரு டிக் போட்டது. வெறும் தரையில் வைத்தாலும் அவ்வளவு போடும் என்று வைத்துக் காட்டினேன். கிணற்றுத் தண்ணீருக்கும் அதே கதைதான்.

இதில் ஏதாவது பொய் இருக்கிறதா, சொல்லுங்கள். சேற்றில் யுரேனியம் இல்லை. இல்லை என்றேன். உலகத்தில் எந்த விஞ்ஞானியைக் கூப்பிட்டு வந்தாலும் அதையே சொல்லியிருப்பார்.

ஒரே ஒருத்தி மட்டும் எழுந்தாள். பள்ளியில் சத்துணவு சமைக்கும் இஞ்ஞாசியம்மாள். 'மிசினு சும்மா இருக்கட்டுங்கய்யா. சோறு ஏன் மஞ்ச பூத்தாப்புல வருது? நான் மஞ்சப்பொடி போடலியே' என்றாள். சரியான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கதிர்வீச்சைப் பற்றிய கேள்வி இல்லை. நான் பதில் சொல்வதற்குள் கூட்டமே அவளை உட்காரச் சொல்லிவிட்டது. அன்னாள் எழுந்து, பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் இருந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, ஊருக்கு முன்னால் நின்றபடியே குடித்தாள். 'எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு. நானும் என் பிள்ளைகளும் குடிக்கிற தண்ணி இது' என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு பொன்னாடை போட்டார்கள். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள், இப்போதுதான் டீ குடித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்று அந்த ஊர் ஒரு தீர்மானம் போட்டது. வீடுகளிலும் சர்ச்சிலும் கோயிலிலும் இருந்த பழைய மேன்டில்களை எல்லாம் சேகரித்து, சாக்கில் கட்டி, பாதுகாப்பாகக் குவாரிச் சேற்றில் புதைத்தார்கள். காத்தமுத்து அந்த வேலைக்குத் தன் ஜேசிபியை இலவசமாகக் கொடுத்தார். மறுநாள் முதல் லாரிகள் வழக்கம்போல் வந்தன, பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள்.

வாட்ஸ்அப் செய்தியை எழுதியது யார் என்று நேற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான்தான். காத்தமுத்துவின் லாரி டிரைவர் பேருக்கு ஒரு சிம் வாங்கி அதிலிருந்து அனுப்பினோம். வேறு வழியில்லை. ஊர் சேற்றைப் பார்த்துப் பயந்தது, அந்தப் பயம் சரியான பயம். சரியான பயத்தை யாராலும் தீர்க்க முடியாது. அதனால் அவர்களுக்குத் தப்பான ஒரு பயத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் தீர்த்து வைத்தேன். வந்த அன்றைவிட நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். இதைத் தவிரவும் ஒன்று இருக்கிறது. குரோமியம் என்று சொல்லியிருந்தால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? எந்த லேபிலும் ஒரு சின்னப் பெண் அதை அளந்து சொல்லிவிடுவாள். யுரேனியம் என்றால்தான் நான்.

சின்னப் பெண் என்று நான் எழுதியதை எட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஆம், பாஸிலாவைத்தான் சொல்கிறேன். எங்கள் தெரு மீரான் பாயின் மகள், டவுனில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்த்தாள். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு நானே பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப்போய் அவளிடம் கொடுத்தேன். எதையும் தெரியாமல் பேசுவது எனக்குப் பிடிக்காது. லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்தத் தண்ணீரில் 0.9 இருந்தது. பதினெட்டு மடங்கு. ஈயமும் அளவுக்கு மேல். 'அங்கிள், இது எந்தக் கிணறு? இத யாரும் குடிக்கக் கூடாது, உடனே மூடச் சொல்லுங்க' என்று அந்தப் பெண் பதறினாள். 'பாத்துக்கிறேம்மா' என்றேன். அதுவும் பொய்யில்லை. மூன்று வருடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணமாகித் துபாய் போய்விட்டாள். கிராம சபையில் கருவியை நீட்டியபோது அவள் கொடுத்த தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பிறகு வந்த காலம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். எரியோட்டிலிருந்து கூப்பிட்டார்கள், சேவுகம்பட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். செல்போன் டவரைச் சோதித்தேன், மைக்ரோவேவ் அடுப்பைச் சோதித்தேன், ஒரு வீட்டில் மாமியார் மருமகள் சண்டைக்குக் கதிர்வீச்சு காரணமா என்றுகூடப் பார்த்தேன். எங்கே போனாலும் நாற்காலி, எங்கே போனாலும் பொன்னாடை. வீட்டில் இருபத்திரண்டு பொன்னாடைகள் இருக்கின்றன, ஜப்தி செய்யும்போது மடிப்புக் கலையாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை வீட்டுக்கு மாதம் ஒரு முறை போவேன். போகும்போது என் பாட்டிலை டவுனிலேயே நிரப்பிக் கொண்டுபோவேன். ஊர்த் தண்ணீர் மாறினால் எனக்குத் தொண்டை கட்டும் என்று அன்னாளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். பாதிப் பேருக்குக் கை காலில் புண் ஆறமாட்டேன் என்கிறது, முன்போல் பாடம் ஏறவில்லை, மத்தியானமானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள் என்பாள். வெயில் அதிகம் என்பேன். தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தன் கையாலேயே ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைப்பது அவள் வழக்கம். வெயில் என்று நான் சொன்னபிறகு அதை இரண்டு டம்ளர் ஆக்கினாள்.

போன வருடம் அவளுக்குக் கால் வீங்கியது. மதுரையில் காட்டினோம், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். 'சுகர் இல்ல, பிரஷர் இல்ல, ஏன்னே தெரியலியே' என்று டாக்டர் கையை விரித்தார். எனக்குத் தெரியும். ஆனால் படித்த டாக்டருக்கு நான் போய்ச் சொல்லிக்கொடுப்பது மரியாதையாக இருக்காது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை, ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுவார்கள்.

இவ்வளவு நேரம் நான் எழுதியதில் ஒரு ஒழுங்கு இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை. என் வக்கீலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார். ஆனால் முழுதாக எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் ஒத்துக்கொண்டேன், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம். டயாலிசிஸ் முடிந்து அவள் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். இஞ்ஞாசியம்மாள் வைத்துவிட்டுப் போயிருந்த கஞ்சியும் வெஞ்சனமும் அப்படியே இருந்தன. பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தத் தலைமாட்டில் அடுக்கி வைத்திருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

'அண்ணே, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. என் ஒடம்பு போகுது, போகட்டும். நூத்திப் பன்னெண்டு பிள்ளைக இருக்கு. அந்தத் தண்ணிய அதுகளுக்கு இன்னும் குடுக்கலாமாண்ணே?'

அவள் யுரேனியம் என்று சொல்லவில்லை. கதிர்வீச்சு என்றும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒருவர் நேராக, தப்பிக்க இடம் விடாமல் கேட்டார். அவள் கண்ணைப் பார்த்தேன், பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் ஊருக்கு முன்னால் அவள் குடித்த அந்த டம்ளரையும், தினமும் வரிசையில் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்த டம்ளர்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். அதிர்ச்சியான சேதி எதையும் காதில் போட வேண்டாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். என் உடன்பிறப்பு அவள், அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

'தாராளமாக் குடுக்கலாம்மா' என்றேன்.

'அப்ப சரிண்ணே' என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அதன் பிறகு டிசம்பரில் பாஸிலா துபாயிலிருந்து திரும்பி வந்து, அந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போய், குழாயடியில் மஞ்சள் தண்ணீரையும் பிள்ளைகளின் புண்களையும் பார்த்து உங்களிடம் ஓடிவரும்வரை எழுபத்தாறு பள்ளி நாட்கள். தினம் இரண்டு டம்ளர். மனுவில் அவள் எழுதியிருப்பது எல்லாம் சரிதான், மறுக்க ஒன்றுமில்லை.

அந்தச் சாயங்காலம் அன்னாளுக்கு மாத்திரை போடும் நேரமாகியிருந்தது. என் பாட்டில் காலியாக இருந்ததால் அவள் வீட்டுக் குடத்திலிருந்துதான் ஊற்றினேன். தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் நல்லதற்காகத்தான், அரை டம்ளருக்கு மேல் நான் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை.